எட்டு வருடம் கிளையன்ட் வாசலில்

2015 ஏப்ரல். ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. பழைய மென்பொருளை நிறுத்திவிட்டு, கொள்முதல் முதல் கணக்கு வரை எல்லாவற்றையும் நடத்தும் எஸ்.ஏ.பி. என்ற மென்பொருளுக்கு மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை 8 மணிக்கு கேட்டில் ஒரு லாரி நின்றது. 11 மணிக்கு 9 லாரிகள். எல்லாவற்றிலும் எஃகுச் சுருள். ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என்., அதாவது சரக்கு வந்துசேர்ந்ததற்கான சீட்டு, போட முடியவில்லை. ஜி.ஆர்.என். விழாத சரக்கை உள்ளே இறக்கக் கூடாது என்பது அந்த ஆலையின் விதி.

காரணம் நான்தான், அந்த மென்பொருளை நிறுவிக்கொடுக்க வந்த கன்சல்டன்ட். 20 டன்னுக்கு ஆர்டர் போட்டால் சுருள் கச்சிதமாக 20 டன் வராது. 20.340 வரும், இல்லையென்றால் 19.870 வரும். எடைமேடையில் என்ன காட்டுகிறதோ அதற்குத்தான் பில். ஆர்டரைவிடக் கூடுதலாக எத்தனை சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று எஸ்.ஏ.பி.யில் குறிப்பதற்கு ஓர் இடம் உண்டு. அங்கே நான் பூஜ்யம் போட்டிருந்தேன். தலைமை அலுவலகக் கூட்டத்தில் பர்ச்சேஸ் மேலாளர் "ஆர்டருக்கு மேல ஒரு கிலோ வரக் கூடாது" என்றார். எழுதிக்கொண்டேன், கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். கேட்டில் இருக்கும் ஸ்டோர்ஸ் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் 22 வருடமாக அந்த எடைமேடைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்.

"தம்பி, சுருளை வெட்டியா கொடுப்பான்?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அதிகமாக உறுத்தியது.

அன்று மதியம் சரக்கு வகைக்கு ஏற்ப 3 சதவீதம், 5 சதவீதம் என்று மாற்றினோம். ஏற்கெனவே போட்டிருந்த ஆர்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தி முடிக்க இரவு 10 ஆகிவிட்டது. லாரிக்காரர்களுக்குக் காத்திருந்த நேரத்துக்கான ஹால்டிங் பணத்தைத் தொழிற்சாலை கொடுத்தது.

கன்சல்டிங்குக்கு வரும் முன் நானே அம்பத்தூரில் நான்கு வருடம் பர்ச்சேஸில் இருந்தவன். சுருள் எடை கூடும், குறையும் என்பது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. கன்சல்டன்ட் ஆகி இரண்டே வருடத்தில், தெரிந்ததையே மறந்து, கையெழுத்து வாங்குவதை வேலை என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன். அந்த வேலையின் நல்லது கெட்டது இரண்டையும் யோசிக்கும்போது அந்த 9 லாரிகள்தான் முதலில் ஞாபகம் வருகின்றன.

இப்போது இதை எழுதக் காரணம் அக்கா மகன். ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு கன்சல்டிங் ஆஃபர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "போகலாமா மாமா?" என்று கேட்டான். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை.

கன்சல்டிங் என்ற ஒரே சொல்லுக்குள் பல வேலைகள் இருக்கின்றன. மெக்கின்சி (1926), பி.சி.ஜி. (1963), பெய்ன் (1973) போன்றவை நிர்வாகத்துக்கு வியூகம் சொல்பவை. டெலாய்ட், பி.டபிள்யூ.சி., இ.ஒய்., கே.பி.எம்.ஜி. நான்கும் தணிக்கையில் வேர் உள்ளவை. அப்புறம் மென்பொருளை நிறுவி நடத்திக்கொடுப்பவை. ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனத்தின் குடும்பத்திலிருந்து பிரிந்து 2001 ஜனவரி 1 முதல் அக்சென்ச்சர் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம் இந்த வகையில் பெரியது. இந்தப் பெயர்களில் எதிலும் நான் வேலை பார்த்ததில்லை. 2013 முதல் 2021 வரை நான் இருந்தது மூன்றாம் வகையில் ஒரு நடுத்தர நிறுவனம். எனவே நான் சொல்வது எஸ்.ஏ.பி. நிறுவிக்கொடுக்கும் வேலையைப் பற்றியது. மற்றவற்றுக்கு இதில் பாதி பொருந்தலாம்.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே பெரியது.

2016 நடுவில் ஏழு வாரம் பெஞ்சில் இருந்தேன். கையில் புராஜெக்ட் இல்லாமல் சம்பளம் வாங்கிக்கொண்டு காத்திருப்பதற்குப் பெயர் பெஞ்ச். முதல் வாரம் ஓய்வு மாதிரி இருக்கும். மூன்றாம் வாரத்திலிருந்து தூக்கம் வராது. அந்த ஜூனில்தான் மாதிரி ஜி.எஸ்.டி. சட்டத்தின் வரைவு வெளியாகியிருந்தது. வேறு வேலை இல்லாததால் அதை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவது பற்றிய பகுதியை மட்டும் ஐந்தாறு முறை படித்திருப்பேன், அம்பத்தூர் ஞாபகத்தால். அங்கே வார்ப்பு ஒரு இடம், கடைசல் ஒரு இடம், முலாம் ஒரு இடம். சரக்கு நம்முடையது, கைகள் வேறு வேறு.

அடுத்த வருடம் ஜி.எஸ்.டி. வந்தபோது ஒரே நேரத்தில் மூன்று கிளையன்ட்டுகளுக்கு என்னைப் போட்டார்கள். 2017 ஜூன் 30 இரவு அதில் ஒரு தொழிற்சாலையில் இருந்தோம். நாடாளுமன்ற மைய மண்டபத்தில் நடந்த விழாவை யாரோ ஒருவருடைய போனில் பார்த்தபடி, பழைய எக்சைஸ், வாட் வரிக் குறியீடுகளை மூடிவிட்டுப் புதியவற்றைத் திறந்தோம். சனிக்கிழமை விடிவதற்குள் மத்திய ஜி.எஸ்.டி., மாநில ஜி.எஸ்.டி. இரண்டும் தனித்தனியாக விழுந்த முதல் இன்வாய்ஸ் பிரிண்டரில் வந்தது. டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

ஆனால் நான் கற்றுக்கொண்டது அந்த இரவில் இல்லை, அதற்குப் பிந்தைய ஆறு மாதத்தில். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் என்றால் மூன்று வருடம். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்கு. இந்த ஒரே விதியை மூன்று கம்பெனிகளும் மூன்று விதமாகக் கையாண்டன. ஒன்று சரக்கோடு போகும் சீட்டான சலானின் எண் வாரியாகக் கணக்கு வைத்தது. இன்னொன்று ஜாப் ஒர்க்கர் வாரியாக மொத்த இருப்பை மட்டும் பார்த்தது. எந்தச் சலானுக்கு ஒரு வருடம் நெருங்குகிறது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. மூன்றாவது கம்பெனியில் சரக்கு ஒரு ஜாப் ஒர்க்கரிடமிருந்து நேராக அடுத்தவரிடம் போனது. சட்டம் அதை அனுமதிக்கிறது, ஆனால் அவர்களுடைய காகிதத்தில் சரக்கு இன்னும் முதல் ஆளிடமே இருந்தது. ஒரு கம்பெனியிலேயே வேலை பார்த்திருந்தால் நம் வழிதான் ஒரே வழி என்று நினைத்திருப்பேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பைக் கன்சல்டிங் தவிர வேறெந்த வேலையும் எனக்குத் தந்திருக்காது. அம்பத்தூரில் பத்து வருடத்தில் கிடைத்திருக்கக்கூடிய அறிவு எனக்கு மூன்று வருடத்தில் கிடைத்தது என்பதை மனதாரச் சொல்வேன்.

இன்னொரு நன்மை, கேள்வி கேட்கும் பழக்கம். "ஏன் இந்தச் சீட்டு மூன்று காப்பி?" என்று வெளியாள் கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே இருப்பவர் அதையே கேட்டால் முறைப்பார்கள். பணமும் கூடியது. அம்பத்தூர் சம்பளத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கில் சேர்ந்தேன். வெளியூரில் இருக்கும் நாட்களுக்குத் தனிப் படி. தங்கை திருமணத்தில் பாதி அந்தப் படியில் மிச்சம் பிடித்த பணத்தில்தான் நடந்தது.

இனி மறுபக்கம்.

சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு ஒப்பந்தத்தில் என் பெயருக்கு நேரே நாளொன்றுக்கு 12,000 ரூபாய் என்று பார்த்தேன். வேலை நாட்களால் வகுத்தால் என் சம்பளம் நாளுக்கு 3,400. முதலில் வயிறு எரிந்தது. பிறகு புரிந்தது: பெஞ்சில் இருப்பவர்களின் சம்பளம், விற்பனைக்கு ஓடுபவர்கள், அலுவலக வாடகை, லாபம் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கிறது. என்னுடைய பெஞ்ச் வாரங்களும் அதில்தான் அடங்கின. ஆனால் இந்தக் கணக்கு நம் வாழ்க்கையை எப்படி நடத்துகிறது என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். வாரா வாரம் டைம்ஷீட். கிளையன்ட்டுக்கு பில் போட முடிந்த மணிநேரம் எத்தனை சதவீதம் என்பதுதான் அப்ரைசலில், அதாவது ஆண்டு மதிப்பீட்டில், முதல் வரி. எங்களுக்கு இலக்கு 85. புராஜெக்ட் கிடைக்காதது நம் தவறாக இல்லாவிட்டாலும் அந்த எண் நம் பெயரில்தான் ஏறும்.

இதில் எனக்கு இன்றும் ஆறாத ஒன்று இருக்கிறது. என்னுடன் வேலை பார்த்த ஒரு பெண், என்னைவிடத் திறமையானவர், குழந்தை பிறந்து விடுப்பு முடிந்து வந்தார். 2017ல் சட்டம் 12 வார மகப்பேறு விடுப்பை 26 வாரம் ஆக்கியது, நல்ல மாற்றம். ஆனால் அவர் திரும்பி வந்தபோது சென்னையில் புராஜெக்ட் இல்லை. கைக்குழந்தையுடன் வெளியூர் போக முடியாது என்றார். நான்கு மாதம் பெஞ்ச். ஆண்டு முடிவில் 85ல் பாதிகூட வரவில்லை என்று கீழ் வரிசையில் வைத்தார்கள். விடுப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை, விதிப்படி எல்லாம் சரி என்றார்கள். அடுத்த மார்ச்சில் அவர் வேலையை விட்டுவிட்டார். அப்ரைசல் நடந்த அறையில் அவருக்காகப் பேச ஒருவர் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். பேசியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். அவருடைய முந்தைய புராஜெக்டில் என்ன செய்தார் என்று எழுதிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். புராஜெக்ட் முடிந்து கிளம்பும் வாரத்திலேயே கிளையன்ட் பக்கத்து மேலாளரிடமும் நம் மேலாளரிடமும் இரண்டு வரி மின்னஞ்சல் கேட்டு வாங்கிவிடுவது. உடன் வேலை பார்த்த இளையவர்களுக்கு அவர்கள் கேட்காமலே எழுதி அனுப்புவது. ஆறு மாதம் கழித்து யாருக்கும் எதுவும் ஞாபகம் இருக்காது. அப்ரைசல் அறையில் நாம் இருக்கப்போவதில்லை, காகிதம் இருக்கும்.

பயணத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஞாயிறு இரவு கோயம்பேட்டில் பஸ் ஏறி திங்கள் விடியலில் ஓசூரில் இறங்கி, லாட்ஜில் குளித்துவிட்டு நேரே தொழிற்சாலை. இப்படி 14 மாதம். வெள்ளி இரவு திரும்பினால் சனிக்கிழமை பாதி தூக்கத்தில் போய்விடும். எடை 11 கிலோ கூடியது, 32 வயதில் இரத்த அழுத்த மாத்திரை ஆரம்பித்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது குஜராத்தில் சானந்தில் இருந்தேன். கோ-லைவ், அதாவது புதிய மென்பொருள் ஓடத் தொடங்கும் நாள், முடியட்டும் என்று மேலாளர் சொன்னார், நானும் சரி என்றேன். அந்த கோ-லைவ் இரண்டு முறை தள்ளிப்போனது. தேதி தள்ளும் என்று தெரிந்திருந்தால் போயிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேதி தள்ளாவிட்டாலும் போயிருக்க வேண்டும். எனக்குப் பதிலாக இரண்டு நாள் உட்கார ஆள் இருந்தார், நான் கேட்கவே இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது பயணம் இல்லை. செய்ததன் பலனைப் பார்க்க முடியாததுதான். கோ-லைவ் முடிந்து நான்கு வாரம், மிஞ்சினால் ஆறு வாரம் கூட இருப்போம். அதன்பின் அடுத்த கிளையன்ட். சானந்தில் கொள்முதல் திட்டமிடலுக்காக நான் ஐந்து மாதம் உழைத்து ஒரு அமைப்பைக் கட்டினேன். விற்பனைக் கணிப்பைப் போட்டால் எந்தப் பொருள் எப்போது, எவ்வளவு வாங்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கையெழுத்து வாங்கி, கேக் வெட்டி, கிளம்பிவிட்டோம். இரண்டு வருடம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது திட்டமிடும் பெண் எக்செலில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "அந்த ரிப்போர்ட் முதல் மாதமே தப்பாக வந்தது. கேட்க யாரும் இல்லை. அதனால் பழையபடியே" என்றார். அவர் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். சப்ளையர் கொடுத்துமுடிக்க எடுக்கும் நாட்கள் பட்டியலில் தவறாக இருந்தது. ஒரு மாதம் அங்கே இருந்திருந்தால் பிடித்திருப்பேன். என் பயோடேட்டாவில் அந்த வேலை வெற்றி என்று இருந்தது. அன்று இரவே அந்த வரியை எடுத்துவிட்டேன்.

அதற்குப் பின் ஒவ்வொரு இடத்திலும் கிளம்பிய மூன்றாம் மாதம் நானே போன் பண்ணுவேன். மேலாளருக்கு இல்லை, கணினித் திரை முன் உட்காருபவருக்கு. பில் போட முடியாத மணிநேரம் அது, டைம்ஷீட்டில் இடம் கிடையாது. எட்டு வருடத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட மணிநேரங்களும் அவைதான். எது நின்றது, எது விழுந்தது என்று வேறு வழியில் தெரியாது. கூடவே ஒரு நோட்டு வைத்திருந்தேன்: கிளையன்ட் பெயர், விலை, எண் எதுவும் இல்லாமல், என்ன பிரச்சினை, என்ன செய்தோம், மூன்று மாதம் கழித்து என்ன ஆனது என்று மட்டும். கம்பெனி லேப்டாப்பில் இருப்பது நாம் விலகும் நாளில் போய்விடும், கிளையன்ட் விவரத்தை எடுத்து வருவதும் குற்றம். கற்றது மட்டும்தான் நம்முடையது, அதையும் எழுதாவிட்டால் ஒரு வருடத்தில் கலைந்துவிடும்.

அக்கா மகனிடம் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன் கேட்கச் சொன்னவை சில. புராஜெக்டுகள் நிலையான தொகைக்கா, நாள் கணக்குக்கா? நிலையான தொகை என்றால் வேலை நீளும்போது கிளையன்ட் கூடுதலாகப் பணம் தரமாட்டார், அந்த நாட்களை நம் இரவுகளில் எடுப்பார்கள். எந்தப் புராஜெக்டுக்கு யார் போவது என்று முடிவெடுப்பவர் யார், அவரை மாதம் ஒருமுறை பார்த்துப் பேச முடியுமா? பெஞ்சில் எத்தனை வாரம் வைத்திருப்பார்கள்? சம்பளத்தில் வேரியபிள், அதாவது நிரந்தரமில்லாத பகுதி, எவ்வளவு, கடந்த மூன்று வருடத்தில் அதில் எவ்வளவு உண்மையில் கொடுத்தார்கள்? கடைசிக் கேள்வியை எச்.ஆரிடம் கேட்டுப் பயனில்லை, அங்கே வேலை பார்க்கும் யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும். வீட்டுக் கடனை நிரந்தரச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடு என்றேன். 2020ல் எங்களுக்கு வேரியபிள் பூஜ்யம், பயணம் நின்றதால் படியும் போனது. இரண்டையும் நம்பி இ.எம்.ஐ. கட்டியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். நோட்டீஸ் காலம் 90 நாளா என்றும் பார்க்கச் சொன்னேன். அத்தனை நாள் காத்திருக்க எல்லாக் கம்பெனியும் தயாராக இருக்காது. நான்கரை வருடத்தில் விலகத் தோன்றினால் அதையும் ஒருமுறை யோசி, நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால்தான் கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை.

அவன் பயப்பட்டுவிட்டான் என்று நினைக்கிறேன். அதனால் இதையும் சொன்னேன்: உன் வயதில், மூன்று வருடத் தொழிற்சாலை அனுபவத்துடன், நான்கைந்து வருடத்துக்குப் போவது நல்லது. தொழிற்சாலையைப் பார்க்காமல் கல்லூரியிலிருந்து நேராகப் போவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எடைமேடையைப் பார்க்காதவன் எடைமேடைக்குக் கணினித் திரை அமைக்கக் கூடாது. பார்த்த நானே தவறினேன்.

நான் 2021ல் விலகி ஒரு உற்பத்தி நிறுவனத்தின் உள் ஐ.டி. பிரிவுக்கு வந்தேன். சம்பளம் சற்றுக் குறைவு. மாலை 7 மணிக்கு வீடு. மாத்திரை அளவு பாதியாகியிருக்கிறது. இங்கே கற்பது மெதுவாகத்தான் நடக்கிறது, ஒரே எஸ்.ஏ.பி., அதே பிரச்சினைகள், சில வாரங்களில் அந்தப் பழைய வேகத்துக்கு மனம் ஏங்கும். ஆனால் நான் போட்ட ஒரு மாற்றம் மூன்றாம் வருடமும் ஓடுவதைத் தினமும் பார்க்கிறேன்.

இந்த வருடம் எங்களுடைய பழைய எஸ்.ஏ.பி.யை அதன் புதிய தலைமுறையான எஸ்/4 ஹானாவுக்கு மாற்றக் கன்சல்டன்ட்கள் வந்திருக்கிறார்கள். முதல் நாள் காலை 9 மணிக்குக் கூட்ட அறையில் பிபிடி போடத் தயாராக நின்றார்கள். அவர்களை கேட்டுக்கு அழைத்துப் போனேன். எடைமேடைப் பக்கத்தில் ஸ்டோர்ஸ்காரர் நீளமான ஒரு கணக்கு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். குழுவில் இருந்த இளம் பெண் குனிந்து பார்த்து, "அண்ணா, இந்தக் கடைசிக் கட்டம் என்ன? சிஸ்டத்துல இது இல்லையே" என்று கேட்டார்.

"அது டிரைவர் சொல்ற எடைம்மா. நம்ம எடைக்கும் அதுக்கும் 50 கிலோவுக்கு மேல வித்தியாசம் வந்தா, இறக்கறதுக்கு முன்னாடியே பர்ச்சேஸுக்கு போன் போட்டுருவேன்."

அந்தப் பெண் தன் பையிலிருந்து நோட்டை எடுத்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டத்தை 11 மணிக்கு மாற்றிவைக்கச் சொல்லி நான் உள்ளே போன் செய்தேன்.